ஐந்தாம் தலைமுறைக் காபியும் 1932-ம்

விலை உயர்ந்த காபிப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் படித்துப் பாருங்கள். தோட்டம் எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது, செடி என்ன ரகம், பழத்தை எப்படிக் காயவைத்தார்கள் என்று எல்லாம் எழுதியிருக்கும். அதோடு ஒரு குடும்பத்தின் பெயரும் இருக்கும். எரிமலை மண், ஐந்து தலைமுறையாக ஒரே குடும்பம், தாத்தா நட்ட செடி, பேரன் பறிக்கும் பழம். வாங்குபவருக்கு ஒரு நெருக்கம் வந்துவிடுகிறது. ஏதோ கம்பெனியின் சரக்கு அல்ல, ஒரு வீட்டின் உழைப்பு என்று தோன்றுகிறது.

இந்த 'ஐந்து தலைமுறை'யைக் கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம். தலைமுறைக்கு முப்பது ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக வைத்துப் பின்னால் போனால் 1880-களுக்கு வந்து சேர்வோம். மத்திய அமெரிக்காவின் எல் சால்வடோரில் அந்தப் பத்தாண்டுக்குத் தனி அர்த்தம் உண்டு.

நிலம் கைமாறிய கதை

எல் சால்வடோரின் மேற்கில் எரிமலைகள் வரிசையாக நிற்கின்றன. அதில் உயர்ந்தது சான்டா அனா எரிமலை, 2,381 மீட்டர். அதன் பக்கத்தில் இசால்கோ. 1770-ல் முளைத்த இந்த எரிமலை சுமார் இருநூறு ஆண்டுகள் நெருப்பைக் கக்கிக்கொண்டே இருந்ததால், கடலோடிகள் அதைப் பசிபிக்கின் கலங்கரை விளக்கம் என்றார்கள். எரிமலைச் சாம்பல் மண்ணில் தண்ணீர் தேங்காது. உயரத்தில் இரவுக் குளிர் இருப்பதால் பழம் மெதுவாகப் பழுக்கும், கொட்டையில் சுவை ஏறும். பொட்டலத்தில் எழுதியிருக்கும் இதெல்லாம் உண்மைதான்.

ஆனால் அந்தச் சரிவுகளில் ஏற்கெனவே மனிதர்கள் இருந்தார்கள். நவாட் மொழி பேசிய பிப்பில் பழங்குடிகளும் கலப்பின ஏழை விவசாயிகளும் அங்கே மக்காச்சோளமும் அவரையும் பயிரிட்டார்கள். நிலம் தனி ஆளுடையதல்ல. ஒரு பகுதி சமூகத்துக்குப் பொது, இன்னொரு பகுதி ஊராட்சிக்குச் சொந்தம். மந்தைவெளி, மேய்ச்சல் புறம்போக்கு என்றால் ஊர் ஏழைக்கு என்ன பொருள் என்று நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதுவரை நாட்டின் முக்கிய ஏற்றுமதி அவுரி. செயற்கைச் சாயம் வந்ததும் அவுரிக்குக் காலம் முடிந்தது. ஆட்சியாளர்களின் கண் காபிக்குத் திரும்பியது, காபிக்கு வேண்டிய மலைச்சரிவுக்கும் திரும்பியது. 1881-ல் ஒரு சட்டம் சமூகப் பொது நிலங்களை ஒழித்தது. 1882-ல் மற்றொரு சட்டம் ஊராட்சி நிலங்களை ஒழித்தது. பொதுவுடைமை விவசாய வளர்ச்சிக்குத் தடை என்பது அரசு சொன்ன காரணம்.

எல்லாம் ஒரே நாளில் பறிபோகவில்லை. சட்டப்படி உழுதவரும் பட்டா வாங்கலாம். சிலர் வாங்கவும் செய்தார்கள். ஆனால் பட்டாவுக்குக் கட்டணம் உண்டு, கெடு உண்டு, படிக்கத் தெரிய வேண்டும், அதிகாரியைத் தெரிந்திருக்க வேண்டும். காபிச் செடி காய்க்க மூன்று நான்கு ஆண்டு ஆகும். அதுவரை தாக்குப்பிடிக்க முதல் வேண்டும். முதல் இல்லாதவர் கடன் வாங்கினார். கடனில் நிலம் போனது. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் நல்ல சரிவுகள் மேலும் மேலும் சில குடும்பங்களின் கையில் குவிந்தன. 'பதினான்கு குடும்பங்கள்' என்று மக்கள் அவர்களைச் சொன்னார்கள். எண்ணிக்கை துல்லியமல்ல, சொன்ன நியாயம் துல்லியம்.

நிலத்தை இழந்தவர்தான் தோட்டத்துக்குக் கூலி. சொந்த வயல் இருப்பவன் அறுவடைக் காலத்தில் அடுத்தவன் தோட்டத்துக்கு ஏன் வரப்போகிறான்? நிலப்பறிப்பால் தோட்டக்காரர்களுக்கு நிலம் மட்டுமல்ல, ஆளும் கிடைத்தது. ஆட்களைக் கட்டுக்குள் வைக்க ஊர்ப்புறக் காவல் வந்தது. 1912-ல் தேசியக் காவல்படை உருவானது. பல தோட்டங்களில் கூலி காசாகக் கிடைக்காது. தோட்டத்துக் கடையில் மட்டும் செல்லும் உலோக வில்லையாகக் கிடைக்கும்.

சனவரி 1932

1930 வாக்கில் நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் காபி ஒன்றிலிருந்தே வந்தது. 1929-ன் உலகப் பொருளாதார வீழ்ச்சியில் காபி விலை சரிந்தது. முதலாளிகள் கூலியை வெட்டினார்கள். சில இடங்களில் பறிகூலி கட்டாது என்று பழத்தைச் செடியிலேயே விட்டார்கள். 1931 டிசம்பரில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. தளபதி மார்த்தினெஸ் அதிபரானார்.

1932 சனவரி 22 இரவு மேற்கு மாவட்டங்களில் விவசாயிகள் எழுந்தார்கள். பெரும்பாலோர் கையில் வெட்டுக்கத்தி மட்டுமே. இசால்கோ, நவிசால்கோ, ஹுவயூவா ஆகிய ஊர்கள் சில நாள் அவர்கள் வசம் இருந்தன. எழுச்சியாளர்கள் கொன்றவர்கள் ஏறத்தாழ நூறு பேர். பிறகு இராணுவம் வந்தது. அடுத்த சில வாரங்களில் அது கொன்றவர்கள் 10,000 முதல் 30,000 வரை என்று மதிப்பிடுகிறார்கள். வரலாற்றில் அதற்கு 'லா மத்தான்சா' என்று பெயர். படுகொலை என்று பொருள்.

யார் எழுச்சியில் இருந்தார்கள் என்று யாரும் விசாரிக்கவில்லை. முகச்சாயலையும் உடையையும் பார்த்தார்கள். பழங்குடி என்று தெரிந்தால் அதுவே குற்றச்சாட்டு, அதுவே தீர்ப்பு. இசால்கோவின் பழங்குடித் தலைவர் பெலிசியானோ அமா தூக்கிலிடப்பட்டார். கம்யூனிஸ்ட் தலைவர் பராபுந்தோ மார்த்தி பிப்ரவரி 1 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். துப்பாக்கிக் குழுவின் முன் நிறுத்தப்பட்டும் உயிர் தப்பிய செருப்புத் தொழிலாளி மிகுவெல் மார்மோல், பல ஆண்டுகளுக்குப் பின் கவிஞர் ரோக்கே தால்தோனிடம் தன் கதையைச் சொன்னார். அது புத்தகமாக வந்ததால்தான் கொல்லப்பட்டவர்கள் பக்கத்துச் சாட்சியம் ஒன்று நமக்குக் கிடைத்தது.

சாவு எண்ணிக்கையோடு முடியவில்லை. உயிரோடு இருக்க வேண்டுமானால் பழங்குடியாகத் தெரியக் கூடாது என்று தப்பியவர்கள் புரிந்துகொண்டார்கள். பெண்கள் பாரம்பரிய உடையைக் கைவிட்டார்கள். தாய்மார்கள் பிள்ளைகளிடம் நவாட் பேசுவதை நிறுத்தினார்கள். இன்று நவாட் அழிவின் விளிம்பில் இருக்கிறது. சான்டோ டொமிங்கோ தெ குஸ்மான் போன்ற ஊர்களில் வயதானவர்கள் வாயில் மிஞ்சியிருக்கிறது. தன் அடையாளத்தை மறைத்து வாழ்வது என்றால் என்ன என்பது இதை வாசிக்கும் தோழர்கள் பலருக்கு அனுபவம்.

பெயர் யாருக்குக் கிடைத்தது

1949-ல் சான்டா அனா பகுதியில் ஒரு தோட்டத்தில் குட்டையான, நெருக்கமாகக் காய்க்கும் செடி ஒன்று கண்ணில் பட்டது. போர்பன் என்ற பழைய ரகத்தில் இயற்கையாக நேர்ந்த மாற்றம் அது. தோட்டத்தின் உரிமையாளர் குடும்பப் பெயரால் அதற்குப் 'பாக்காஸ்' என்று பெயர் வைத்தார்கள். பிறகு அதை மரகொகீப்பே என்ற பெருங்கொட்டை ரகத்தோடு கலந்து 'பாக்கமரா'வை உருவாக்கினார்கள். இன்று உலக ஏலங்களில் பெரும் விலை போகும் ரகம் அது. அந்தக் குடும்பத்தைக் குற்றம் சாட்ட இதைச் சொல்லவில்லை. கேள்வி வேறு. ஒரு குடும்பப் பெயர் செடியின் விதையிலேயே நிலைத்துவிட்டது. அதே மலையடிவாரத்தில் இன்னொரு மக்கள் தம் பெயரை, மொழியை, உடையை உயிருக்குப் பயந்து கைவிட்டார்கள்.

1980-ல் நிலச்சீர்திருத்தம் வந்தது. 500 ஹெக்டேருக்கு மேற்பட்ட பண்ணைகளை முதலில் எடுத்தார்கள். காபித் தோட்டங்களில் பெரும்பகுதி நடுத்தர அளவு. அவை இரண்டாம் கட்டத்துக்கு ஒதுக்கப்பட்டன. அந்த இரண்டாம் கட்டம் நடக்கவே இல்லை. 12 ஆண்டு உள்நாட்டுப் போரில் சுமார் 75,000 பேர் மாண்டார்கள். 1992-ல் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது. 2003-ல் அந்நாட்டுக் காபிக்குச் சர்வதேசத் தரப்போட்டியும் ஏலமும் வந்தன. சாதாரணச் சரக்காக மூட்டையில் போன காபி, தோட்டத்தின் பெயரோடும் குடும்பத்தின் பெயரோடும் விலைபோகத் தொடங்கியது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்பெஷாலிட்டி காபியின் தரம் முதலில் பறிப்பவர் கையில் இருக்கிறது. ஒரே கிளையில் பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லாம் இருக்கும். சிவந்ததை மட்டும் பறித்து, மற்றதை விட்டு, சில வாரம் கழித்து மீண்டும் அதே செடிக்கு வர வேண்டும். ஐந்தாறு கிலோ பழம் பறித்தால்தான் ஒரு கிலோ பச்சைக் கொட்டை. செங்குத்துச் சரிவில், இடுப்பில் கூடையைக் கட்டிக்கொண்டு, எடைக்குக் கூலி வாங்கும் ஆணும் பெண்ணும் செய்யும் வேலை இது. அவர்களும் தலைமுறை தலைமுறையாகத்தான் பறிக்கிறார்கள். பொட்டலத்தில் அந்தத் தலைமுறைகளுக்குக் கணக்கு இல்லை.

இன்றைய பேரன் 1881-ன் சட்டத்தை எழுதவில்லை, 1932-ல் யாரையும் சுடவில்லை. உண்மையாகவே பாடுபட்டு நல்ல காபி விளைவிப்பவராக இருக்கலாம். ஆனால் நிலத்தை மட்டும் பரம்பரைச் சொத்தாக வைத்துக்கொண்டு, அது வந்த வழியைப் பழங்கதை என்று தள்ள முடியாது. 2010-ல் அதிபர் மவுரிசியோ பூனெஸ் பழங்குடி மக்களிடம் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். 2014-ல் அவர்களை அரசமைப்புச் சட்டம் அங்கீகரித்தது. மன்னிப்பு வந்தது, அங்கீகாரம் வந்தது; நிலம் வரவில்லை.

தோழர்களே, காபி குடிக்காதீர்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. 'பரம்பரை', 'பாரம்பரியம்', 'குடும்பத் தொழில்' என்ற சொற்களை எங்கே கண்டாலும் மூன்று கேள்வி கேட்கப் பழகுங்கள். இவர்களுக்கு முன் இந்த நிலம் யாருடையது? எந்தச் சட்டத்தின் வழியாகக் கைமாறியது? இன்று அதில் வேலை செய்பவர்களின் பாட்டன் பூட்டன் எங்கே வாழ்ந்தார்கள்? மூன்றாவது கேள்விக்குப் பல இடங்களில் ஆவணம் கிடைக்காது. கிழவிகளிடமும் கிழவர்களிடமும் போய்த்தான் கேட்க வேண்டும். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.