நீர்மப் படிகத் திரைகளில் பின்னொளிக் குறைப்பு

எல்.சி.டி எனப்படும் நீர்மப் படிகத் திரை தானாக ஒளிர்வதில்லை. தன்மீது விழும் அல்லது தன்னூடே செல்லும் ஒளியைத் தடுத்தும் விடுத்தும் அது உருவங்களைக் காட்டுகிறது. திரைக்குப் பின்னுள்ள விளக்கின் ஒளியைத் தேவைக்கேற்பக் குறைத்து மின்சாரத்தைச் சேமிப்பதே பின்னொளிக் குறைப்பு ஆகும்.

விளக்கில்லாத காலம்

1968 இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ நிறுவனத்தில் ஜார்ஜ் ஹைல்மையரின் குழு நீர்மப் படிகத் திரையை அறிமுகப்படுத்தியது. 1973 இல் ஜப்பானின் ஷார்ப் நிறுவனம் வெளியிட்ட இ.எல்-805 கணிப்பான், ஒரே மின்கலத்தில் சுமார் 100 மணி நேரம் இயங்கியது. அறை வெளிச்சமே அதற்குப் போதுமானதாக இருந்தது. சிக்கனமே இத்திரையின் முதற்சிறப்பு.

பின்னொளியின் விலை

1989 இல் வெளிவந்த மெக்கின்டாஷ் போர்ட்டபிள் கணினிக்குப் பின்னொளி இல்லை. மங்கிய வெளிச்சத்தில் திரையைப் படிப்பது கடினமாக இருந்தது. 1991 இல் பின்னொளி சேர்க்கப்பட்டதும் மின்கலம் தாங்கும் நேரம் ஏறத்தாழப் பாதியானது. வண்ணத் திரைகளில் முனைவாக்கிகளும் நிற வடிகட்டிகளும் பெரும்பகுதி ஒளியை விழுங்கிவிடுவதால், விளக்கொளியில் பத்தில் ஒரு பங்குகூடப் பொதுவாக வெளியே வருவதில்லை. திரையில் கறுப்பு தெரியும்போதும் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும்.

குறைக்கும் வழிகள்

முதலில் வந்தவை எளிய முறைகள்: பயனர் விசையை அழுத்திக் குறைப்பது, கணினி பயன்பாட்டில் இல்லாதபோது தானாக மங்கச் செய்வது, சுற்றுப்புற வெளிச்சத்தை உணரியால் அளந்து மாற்றுவது.

அடுத்து, படத்தின் தன்மைக்கேற்பக் குறைக்கும் முறை வந்தது. 2004 வாக்கில் இதுபற்றிய ஆய்வுகள் பல வெளிவந்தன. பாதி ஒளியை விடும் படவணு ஒன்றை முழுதும் திறந்து, விளக்கைப் பாதியாகக் குறைத்தால், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் மாறாது. விளக்கின் செலவு மட்டும் குறையும். ஆனால், ஏற்கெனவே முழுதும் திறந்துள்ள படவணுவை மேலும் திறக்க இயலாது. எனவே அளவுக்கு மீறிக் குறைத்தால் வெண்மேகம் போன்ற ஒளிமிக்க பகுதிகளின் நுட்பங்கள் அழிந்துவிடும்.

குழல் விளக்குகளின் இடத்தை எல்.இ.டி விளக்குகள் பிடித்தபின், திரையைப் பகுதிகளாகப் பிரித்து, இருண்ட பகுதியின் விளக்கை மட்டும் குறைக்க முடிந்தது. கனடாவின் பிரைட்சைடு நிறுவனம் 2005 இல் இத்தகைய திரையைக் காட்டியது. கறுப்பை ஆழமாக்குவதே அதன் முதன்மை நோக்கம். மின்சேமிப்பு உடன் கிடைத்த பயன்.

குறைகள்

பல திரைகள் விளக்கை மிக வேகமாக அணைத்து ஏற்றியே ஒளியைக் குறைக்கின்றன. இந்தத் துடிப்பின் வேகம் குறைவாக இருந்தால் சிலருக்குக் கண் சோர்வும் தலைவலியும் உண்டாகின்றன.

ஓ.எல்.இ.டி திரையில் ஒவ்வொரு படவணுவும் தானே ஒளிர்வதால், கறுப்புப் பின்னணி மின்சாரத்தை மிச்சப்படுத்தும். பின்னொளி ஒரே அளவில் எரியும் எல்.சி.டி திரையில் அவ்வாறு நிகழ்வதில்லை; அங்கே விளக்கைக் குறைத்தால்தான் சேமிப்பு.