போன வருஷம் இதே நாள்

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஏதாவது ஒரு பட்டுக் கடைக்குள் நுழைந்து, 'வியாபாரம் எப்படிங்க?' என்று கேட்டுப் பாருங்கள். 'போன வருஷம் இதே நாள் வரைக்கும் பார்த்தா...' என்றுதான் பதில் ஆரம்பிக்கும்.

ரொம்ப சாதாரணமான பேச்சு. ஆனால், வருஷம் எங்கே தொடங்குகிறது? 'இதே நாள்' என்பது எது? அங்கேதான் சிக்கல்!

காஞ்சியிலிருந்து கொஞ்ச தூரத்தில் உத்திரமேரூர். குடவோலைத் தேர்தலுக்குப் பெயர் போன பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. 921-ல் வெட்டியதில் தேதி எப்படிப் போட்டிருக்கிறார்கள் தெரியுமா? மன்னருடைய 14-வது ஆட்சியாண்டில் 16-வது நாள் என்று! வாரியத்தில் இருப்பவருக்குப் பதவி 360 நாள். கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது. அவருடைய நெருங்கிய சொந்தக்காரர்களும்தான். 'வருஷ ஆரம்பத்திலிருந்து இன்றுவரை' என்ற கணக்கு நமக்குப் புதிதல்ல.

பிறகு பசலி வந்தது. மொகலாயர் காலத்து அறுவடை வருஷம். சென்னை மாகாணத்தில் ஆடி மாதப் பிறப்பையொட்டித் தொடங்கிக்கொண்டிருந்ததை 1855-ல் ஜூலை 1-க்கு நகர்த்தினார்கள் ஆங்கிலேயர்கள். 1867-ல் அரசாங்கத்தின் நிதியாண்டை ஏப்ரல் 1-க்குக் கொண்டுபோனார்கள். இன்றைக்கும் காஞ்சியில் கோயில் கணக்கு பசலிப்படி. கடையின் வரிக் கணக்கு ஏப்ரல்படி. ஒரே தெருவில் இரண்டு வருஷப் பிறப்பு!

இப்போது கடையில் கம்ப்யூட்டர். ரிப்போர்ட் மென்பொருளில் 'போன வருஷம் இதுவரை' என்று கேட்டால் நொடியில் கூட்டித் தரும். ஆனால், வருஷம் ஏப்ரலில் தொடங்குகிறது என்று நாம் சொல்லாவிட்டால் அது ஜனவரியிலிருந்து கூட்டும். தேதியை நிறுத்தாவிட்டால், இந்த மாதத்தின் 18 நாளைப் போன வருஷத்தின் முழு மாதத்தோடு மோதவிடும். இரண்டையும் சரியாகச் செய்தாலும் ஒரு கண்ணி காத்திருக்கிறது. அதன் பெயர் தீபாவளி.

2022-ல் தீபாவளி அக்டோபர் 24. 2023-ல் நவம்பர் 12. அக்டோபர் 31, 2023 அன்று கணக்குப் பார்த்த கடைக்காரரை நினைத்துப் பாருங்கள். போன வருஷத் தொகைக்குள் தீபாவளி முழுசாக இருக்கிறது. இந்த வருஷமோ பண்டிகைக்கு இன்னும் 12 நாள் பாக்கி. திரையில் சரிவு தெரியும். மறு வருஷம் தீபாவளி அக்டோபர் 31-க்கே வந்துவிட்டது. அதே தேதியில் பார்த்தால் அமோக வளர்ச்சி! இரண்டுமே மாயை. நிலா பார்த்து வரும் பண்டிகைக்கு ஆங்கிலத் தேதி தெரியாது.

மாயைதானே என்று விட்டுவிட முடியாது. சரிவைப் பார்த்துப் பயந்து முதலாளி புதுப் பாவு கொடுக்காமல் நிறுத்தினால், பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறி நிற்கும். தறி நின்றால் அடுப்பும் நிற்கும்.

வழி சுலபம். அக்டோபர் 31, 2023-க்கு உண்மையான ஜோடி, போன வருஷம் பண்டிகைக்கு 12 நாள் முந்தைய அக்டோபர் 12. தேதிப் பட்டியலில் 'தீபாவளிக்கு எத்தனை நாள்' என்று ஒரு கட்டத்தைச் சேர்த்து, சீசன் விற்பனையை மட்டும் அதன்படி தனியாக ஒப்பிட வேண்டும்.

பழைய கணக்குப்பிள்ளைகள் பஞ்சாங்கத்தைப் பேரேட்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டர் வந்ததும் பேரேட்டை எடுத்துவிட்டோம். சரி... பஞ்சாங்கத்தை ஏன் எடுத்தோம்?