ஒரு கைக்குட்டை கை மாறிய கதை

ஷேக்ஸ்பியருக்கு முன்பே அந்தக் கைக்குட்டை திருடு போயிருந்தது. 1565-இல் இத்தாலியில் ஜிரால்டி சிந்தியோ வெளியிட்ட கதைத் தொகுப்பில், மூர் இனத் தளபதியை மணந்த வெனிஸ் நகரப் பெண் அதை இடுப்பில் செருகியிருக்கிறாள். தளபதியின் கீழ் வேலை பார்ப்பவன் தன் மூன்று வயது மகளை அவள் கையில் கொடுக்கிறான். அவள் குழந்தையைக் கொஞ்சும் நேரம் பார்த்துக் கைக்குட்டையை உருவிக்கொள்கிறான்.

இந்தக் கதையை எடுத்து ஷேக்ஸ்பியர் எழுதிய 'ஒதெல்லோ' 1604 நவம்பரில் லண்டன் வைட்ஹால் அரண்மனையில் நடந்தது. அதில் யாரும் கைக்குட்டையை உருவவில்லை. தலைவலி என்கிறான் ஒதெல்லோ. டெஸ்டிமோனா பதறிப்போய் அதை அவன் நெற்றியில் கட்டப் பார்க்கிறாள். துணி சின்னது என்று அவன் விலக்கிவிட, அது கீழே விழுகிறது. இருவரும் கவனிக்காமல் உள்ளே போய்விடுகிறார்கள். கணவனுக்கு மருந்தாக நீட்டிய துணியே அவளுக்கு எதிரான சாட்சியாகப்போகிறது.

எடுத்தவள் தோழி எமிலியா. அவள் கணவன் இயாகோ அதைக் கொண்டுவரச் சொல்லிப் பலமுறை நச்சரித்திருக்கிறான். அவனிடம் கொடுக்கிறாள், அவன் அதை, ஒதெல்லோவின் துணைத் தளபதியாக இருந்த காஸியோவின் அறையில் போட்டுவிடுகிறான். யாருடையது என்று தெரியாமலே காஸியோ, அந்த ஸ்ட்ராபெரிப் பூவேலையைப் பார்த்து இன்னொன்று தைத்துத் தரும்படி தன் காதலி பியாங்காவிடம் கொடுக்கிறான். வேறொருத்தி தந்த பரிசு என்று நினைத்து அவள் பொறாமையில் வீசியெறிகிறாள். டெஸ்டிமோனாவுக்குக் காஸியோவோடு உறவு என்று இயாகோ சந்தேகமூட்டிவிட்ட ஒதெல்லோ மறைந்து நின்று பார்ப்பது இதைத்தான்.

நடுவில் ஒரு காட்சி. ஜலதோஷம் என்று சொல்லிக் கைக்குட்டையைக் கேட்கிறான் ஒதெல்லோ. பயத்தில், தொலையவில்லை என்கிறாள் டெஸ்டிமோனா. பேச்சை மாற்றப் பார்த்து, வேலை பறிபோன காஸியோவுக்காகப் பரிந்து பேசுகிறாள். அவன் கைக்குட்டை என்று கேட்கக் கேட்க, அவள் வாயில் காஸியோவின் பெயரே வருகிறது. அது எங்கே போனதென்று தெரிந்த எமிலியா பக்கத்திலேயே நிற்கிறாள். வாய் திறக்கவில்லை. இந்த நாடகத்தில் என்னை அதிகம் வதைக்கும் மௌனம் அது.

அதே காட்சியில்தான் ஒதெல்லோ அந்தத் துணிக்கு ஒரு பூர்வீகம் சொல்கிறான். எகிப்தியச் சூனியக்காரி ஒருத்தி தன் தாய்க்குக் கொடுத்ததாம். இருநூறு வயதுக் குறிகாரி தைத்ததாம். தொலைத்தால் கணவனின் அன்பும் போய்விடுமாம். முதல் அங்கத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். தன் மகளை மந்திரம் போட்டு மயக்கிவிட்டான் கறுப்பன் என்று டெஸ்டிமோனாவின் தந்தை வெனிஸ் ஆட்சி மன்றத்தில் பழி போட்டார். மந்திரமில்லை, என் வாழ்க்கைக் கதையைக் கேட்டு மனம் இரங்கினாள் என்று நிமிர்ந்து நின்று சொன்னவன் இந்த ஒதெல்லோ. உன் நிறத்தவனை அவள் விரும்பியதே இயற்கைக்கு மாறானது என்று இயாகோ காதில் ஓதியபின், வெனிஸ் தன்மேல் பூசிய வசையை அவனே எடுத்துப் பேசுகிறான். டெஸ்டிமோனாவைக் கொன்ற பிறகு, என் தந்தை என் தாய்க்குக் கொடுத்தது என்று மட்டும் சொல்கிறான். வெறும் பொறாமை நாடகம் என்று இதை என்னால் ஒதுக்க முடியாததற்கு இதுவே காரணம்.

ஒரு துண்டுத் துணிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று 1693-இல் ஆங்கில விமர்சகர் தாமஸ் ரைமர் எள்ளினார். பாரீஸ் மேடை அதைக் கௌரவக் குறைவாக நினைத்தது. 1792-இல் பிரெஞ்சு நாடகாசிரியர் டூசி தன் தழுவலில் அதை வைரப் பட்டியாக மாற்றினார். 1829-இல் பிரெஞ்சுக் கவிஞர் வின்யியின் மொழிபெயர்ப்பில் கைக்குட்டையாகவே திரும்பி வந்தபோது அரங்கில் கூச்சல் எழுந்தது.

லண்டனில் வெள்ளை நடிகர்கள் முகத்தில் சாயம் பூசிக்கொண்டு அந்தக் கைக்குட்டைக்காகக் கதறி வந்தார்கள். 1833-இல் அமெரிக்கக் கறுப்பின நடிகர் ஐரா ஆல்ட்ரிட்ஜ் கோவென்ட் கார்டன் அரங்கில் ஒதெல்லோவாக நின்றார். சில பத்திரிகைகள் நிறத்தைச் சொல்லியே அவரை இழித்து எழுதின. இரண்டு ஆட்டத்தோடு முடித்துவிட்டார்கள்.

நம் பக்கம் வந்தபோது, அந்தத் துணியோடு வந்த இழிவு சாதியாயிற்று. ஜெயராஜின் மலையாளப் படம் 'களியாட்டம்' 1997-இல் அதை மலபாரின் தெய்யம் ஆடும் கலைஞனிடம் பட்டுத் துணியாகக் கொடுத்தது. 2006-இல் விஷால் பரத்வாஜின் இந்திப் படம் 'ஓம்காரா'வில் அது இடுப்பில் அணியும் ஒட்டியாணம். அங்கே நாயகனைப் பாதிச் சாதிக்காரன் என்று குத்துகிறார்கள். ஒட்டியாணத்தை எடுத்துக் கணவனிடம் கொடுக்கும் இந்து, அந்தப் படத்தின் எமிலியா. ஷேக்ஸ்பியரின் எமிலியா கடைசியில் உண்மையை உரக்கச் சொன்னதும் இயாகோ அவளைக் குத்திக் கொல்கிறான். இந்து தன் கணவனை வெட்டிச் சாய்க்கிறாள்.