சிங்கப்பூர் நகரசபை

சிங்கப்பூர் நகரசபை என்பது பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் அந்நகரத்தின் சாலை, குடிநீர், விளக்கு, சுகாதாரம், சந்தை முதலியவற்றைப் பரிபாலித்துவந்த ஸ்தல ஸ்தாபனமாகும். 1887ஆம் ஆண்டுச் சட்டத்தால் உறுதிபெற்ற நகராண்மைக் கமிஷன், 1913 முதல் நியமன அங்கத்தினரையே கொண்டிருந்து, 1949இல் 27 இடங்களுள் 18க்குத் தேர்தல் நடத்தியது. 1951 செப்டம்பர் 22இல் சிங்கப்பூருக்கு நகர அந்தஸ்து அளிக்கப்பட்டபோது நகரசபையென நாமம் பெற்றது.

அன்றாடக் காரியங்களை உபகுழுக்கள் முதற்கண் பரிசீலித்துச் சிபாரிசு செய்ய, முழுச்சபை விவாதித்துத் தீர்மானிப்பதும், சொத்து வரியையும் கட்டணங்களையும் ஆதாரமாகக் கொண்டு வரவுசெலவுத் திட்டம் வகுப்பதும் அதன் வழக்கமாயிருந்தன. அத்தகைய தீர்மானங்களின் பலனை லிட்டில் இந்தியாவில் இன்றும் காணலாம்: சிராங்கூன் சாலை முனையில் 1915இல் எழுந்த தேக்கா சந்தை 1982இல் எதிர்ப்புறத்துக்கு மாற்றப்பட்டபின்னும் ஜனங்களுக்குப் பயன்படுகிறது, ஃபேரர் பார்க், 1919 முதல் 1931 வரை கமிஷனுக்குத் தலைமை வகித்த ரோலண்ட் ஃபேரரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

1957 டிசம்பர் தேர்தலில் 32 அங்கத்தினரும் மக்களாலேயே தெரிந்தெடுக்கப்பட, ஓங் எங் குவான் மேயரானார். ஆங்கிலம் மட்டுமே ஒலித்த மன்றத்தில் தமிழ், சீனம், மலாய் ஆகியவற்றிலும் பேச இடமளிக்கப்பட்டமை, சாமானியப் பிரஜைக்குக் கிடைத்த மெய்யான உரிமையாகும். 1959இல் சுயாட்சி மலர்ந்ததும் சபையின் பணிகளை அரசாங்கம் ஏற்றது. நீர், மின்சாரம், எரிவாயு ஆகியவை 1963இல் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் பொறுப்பாயின. வீடமைப்புப் பேட்டைகளின் பராமரிப்பு, 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நகர மன்றங்களைச் சேர்ந்தது.