'கெர்சொப்பா': மூழ்கிய கப்பலும் எஞ்சிய சான்றுகளும்

இரண்டாம் உலகப் போரில் கடல்கொண்ட சரக்குக் கப்பல்கள் மிகப் பல. அவற்றுள் 'கெர்சொப்பா' என்னும் நீராவிக் கப்பலின் வரலாற்றை ஈண்டு ஆராய்கின்றோம். கன்னட நாட்டு ஊர்ப்பெயரைத் தாங்கிய இக்கப்பல் 1919-இல் இங்கிலாந்தின் ஜாரோ நகரிற் கட்டப்பெற்றது. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பற் குழுமத்துக்கு உரியது. நாகப்பட்டினத்தைச் சிங்கப்பூருடன் இணைத்த 'ரஜூலா'வும் அக்குழுமத்தின் கப்பலே.

1940 டிசம்பரில் வெள்ளி, தேயிலை, இரும்பு ஆகியவற்றுடன் கல்கத்தாவினின்று புறப்பட்ட 'கெர்சொப்பா', மேலை ஆப்பிரிக்காவின் பிரீடவுன் துறையில் காவற் கப்பல் அணியுடன் சேர்ந்தது. கடும்புயலில் நிலக்கரி குறையவே, அணியைப் பிரிந்து அயர்லாந்தின் கால்வே துறையை நோக்கித் திரும்பியது. 1941 பிப்ரவரி 16 இரவு ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் யூ-101 அதனைத் தாக்கி மூழ்கடித்தது. உயிர்ப்படகில் பதின்மூன்று நாள் மிதந்து, இங்கிலாந்தின் லிசார்டு முனையருகே உயிருடன் கரைசேர்ந்தவர் இரண்டாம் அதிகாரி ரிச்சர்டு அயர்சு ஒருவரே. மாண்டவர் எண்பதின்மருக்கு மேற்பட்டோர். அவருட் பெரும்பாலோர் இந்திய மாலுமிகள்.

2011-இல், ஏறத்தாழ 4,700 மீட்டர் ஆழத்தில், அக்கப்பல் கண்டறியப்பெற்றது. 2012, 2013 ஆகிய ஆண்டுகளில் 2,792 வெள்ளிப் பாளங்கள் மீட்கப்பெற்றன. காற்றும் ஒளியும் புகாவாறு சரக்கின் அடியிற் புதையுண்டு கிடந்த 700-க்கு மேற்பட்ட கடிதங்களும் கிட்டின.

இச்சான்றுகளை ஒப்புநோக்குதல் வேண்டும். வெள்ளி பாளம் பாளமாக எண்ணப்பட்டது. ஏனெனில் அதற்குக் கணக்கு இருந்தது. கடிதங்கள் பேசுகின்றன, ஆயின் அவை கப்பலில் வந்த அஞ்சலேயன்றி, அதனை ஓட்டியோரின் சொற்கள் அல்ல. உயிர்ப்படகில் நிகழ்ந்தவற்றையோ ஓர் அதிகாரியின் வாய்மொழி வழியாகவே அறிகின்றோம். கொதிகலனுக்கு நிலக்கரி இட்டோரின் குரல் எச்சான்றிலும் இல்லை.

அம்மாலுமிகளை ஆங்கிலேயர் 'லஸ்கர்' என்றனர். படை எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லின் வழிவந்த இப்பெயர், தமிழ்நாட்டுப் பொதுப்பணித் துறையில் கால்வாய்க் காவலரையும் குறித்து வழங்குவதாயிற்று. ஒருவர் தம் பெயரை மறைத்துத் தொழிற்பெயராலேயே அழைக்கும் வழக்கு ஆவணங்களிலும் ஊடுருவி நிற்கின்றது.

எனினும், போரில் இறந்த இந்திய மாலுமிகளின் பெயர்கள் பம்பாய், சிட்டகாங் நினைவுப் பட்டியல்களில் இடம்பெற்றுள்ளன. கடலாழத்து வெள்ளியை மீட்டமை பொறியியலின் வெற்றி. அப்பட்டியல்களைப் படித்து, பெயருக்குரியோரின் ஊரையும் வாழ்வையும் மீட்டல் வரலாற்று மாணாக்கர்தம் கடன் எனக் கருதுகின்றோம்.