பிரதிலிபி

பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இணைய எழுத்துத் தளம். ரஞ்சித் பிரதாப் சிங்கும் நண்பர்களும் 2014இல் தொடங்கினர். தமிழ், கன்னடம், இந்தி உள்ளிட்ட 12 மொழிகளில் இயங்குகிறது.

பத்திரிகை ஆசிரியரின் ஒப்புதலுக்குக் காத்திருக்காமல், கதை, கவிதை, கட்டுரை எதையும் கைப்பேசியிலேயே தட்டச்சு செய்து உடனே வெளியிடலாம். வீட்டு வேலைக்கும் அலுவலகத்துக்கும் நடுவே எழுதுபவர்களுக்கு இது பெரிய வாசல். தீர்ப்பு வாசகர் கையில்: ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை மதிப்பிட்டு, விமர்சனமும் எழுதுவார்கள், எழுதியவர் பதில் சொல்வார். பிடித்துப்போனால் அவரைப் பின்தொடரலாம். அடுத்த படைப்பு வந்ததும் அறிவிப்பு வந்துவிடும்.

தொடர்கதைகளே இங்கு கொடிகட்டிப் பறக்கின்றன. சமூகக் கருத்தைச் சொல்லும் கட்டுரைகளுக்கும் அதே வரவேற்பு கிடைக்க வேண்டும். நட்புக்காக இடப்படும் ஐந்து நட்சத்திரம் எழுதுபவரை வளர்க்காது. எந்தப் பத்தியில் வாதம் தொய்கிறது என்று எடுத்துச் சொல்லும் நான்கு வரி விமர்சனம் நிச்சயம் வளர்க்கும்.

2021இல் தென்கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் பிரதிலிபியில் முதலீடு செய்தது. அமேசான் கைவிட்ட வெஸ்ட்லேண்ட் பதிப்பகக் குழுவுடன் 2022இல் கைகோத்து, ஆங்கில அச்சு நூல் வெளியீட்டிலும் பிரதிலிபி இறங்கியது.