‘உங்களுக்கு என்ன வேணும்?’: வேளாண் ஆராய்ச்சி கிளவுடுக்குப் போன கதை

கிளவுட் என்றதும் நமக்கு நினைவு வருவது போனில் எடுத்த படங்கள் போய்ச் சேருகிற இடம். இன்றைக்கு நான் பேசப்போகும் கிளவுட் வேறு. நெல், கோதுமை மரபணுவை ஆராய்கிறவர்கள், உணவில் கிருமி பரவும் ஆபத்தைக் கணக்கிடுகிறவர்கள் பயன்படுத்துகிற கிளவுட். இவர்களுக்கு ஒரு கணினி வசதியைக் கட்டித் தர வேண்டுமென்றால் முதலில் போய்க் கேட்க வேண்டும்: ‘உங்களுக்கு என்ன வேணும்?’ ரொம்ப எளிமையான கேள்விதான். ஆனால் அதற்கு வந்த பதில்கள் காலத்துக்குக் காலம் மாறியிருக்கின்றன. அந்த வரலாற்றைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம்.

1970-களுக்குப் போவோம். அப்போது பெரிய பிரச்சினை, ஒரு நாட்டில் நடந்த ஆராய்ச்சி இன்னொரு நாட்டுக்காரர் கண்ணில் படாமலே போவது. அதற்காக ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு, அந்தப் பத்தாண்டின் நடுவில், அக்ரிஸ் என்ற பட்டியலைத் தொடங்கியது. உலகம் முழுக்க வந்த வேளாண் கட்டுரைகளின் விவரம் ஒரே இடத்தில். உடனே அடுத்த சிக்கல் வந்தது: பெயர். நம்மூரையே எடுத்துக்கொள்ளுங்களேன். ‘சோளம்’ என்று ஒருவர் சொன்னால் அது வெள்ளைச் சோளமா, மக்காச்சோளமா? மனிதர் திருப்பிக் கேட்பார், கணினி கேட்காது. அதனால் 1980-களில் அக்ரோவாக் என்ற சொல் தொகுதி வந்தது. ஒரு பொருளுக்குப் பல மொழிகளில் உள்ள பெயர்களை ஒன்றாகக் கட்டி வைக்கும் ஏற்பாடு அது. ஆக, முதல் தேவை வேகமான இயந்திரம் இல்லை. எல்லோருக்கும் பொதுவான சொற்கள்.

அடுத்த கட்டம் மரபணுக் காலம். 2000-இல் அரபிடாப்சிஸ் என்ற சின்னச் செடியின் மரபணுத் தொகுதி வெளியானது. 2005-இல் நெல்லுடையது. நெல்லில் சுமார் 39 கோடி எழுத்துகள். கோதுமையில் ஏறக்குறைய 1,600 கோடி! படிக்கும் கருவிகள் மலிவாகிக்கொண்டே போனதால், தரவு வந்து குவிய ஆரம்பித்தது.

2008-இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை ஐபிளான்ட் என்ற திட்டத்துக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 5 கோடி டாலர் ஒதுக்கியது. அரிசோனா பல்கலைக்கழகம் தலைமை. அவர்கள் எடுத்தவுடனே எல்லாவற்றையும் கட்டி முடித்து, ‘வந்து பயன்படுத்துங்க’ என்று சொல்லவில்லை. தாவர அறிவியலாளர்களைக் கூட்டிப் பட்டறைகள் நடத்தினார்கள். தனி ஒரு ஆய்வகத்தால் முடியாத பெரிய கேள்வி எது என்று கேட்டார்கள். இரண்டு கேள்விகள் தேர்வாயின. ஒன்று, 5 லட்சம் வரையிலான பச்சைத் தாவர இனங்களுக்கும் ஒரே வம்சாவளி மரம் வரைவது. இன்னொன்று, மரபணுவில் இருப்பது வயலில் எப்படிப் பயிராக வெளிப்படுகிறது என்று கண்டுபிடிப்பது.

அந்தக் கேள்விகளைச் சுற்றித்தான் வசதிகள் வளர்ந்தன. கறுப்புத் திரையில் கட்டளை தட்டிப் பழகாத உயிரியலாளர் எத்தனையோ பேர். அவர்களுக்காக பிரவுசரிலேயே கிளிக் செய்து வேலை பார்க்கும் தளம் வந்தது. மென்பொருள் எல்லாம் முன்கூட்டியே நிறுவப்பட்ட கிளவுட் கணினியும் வந்தது, பெயர் அட்மாஸ்பியர். 2015-இல் ஐபிளான்ட் சைவெர்ஸ் என்று பெயர் மாறி, தாவரங்களைத் தாண்டியும் விரிந்தது.

இப்போது நெல்லுக்கு வருவோம். பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம், இரண்டு சீன நிறுவனங்களோடு சேர்ந்து, 89 நாடுகளைச் சேர்ந்த சுமார் 3,000 நெல் வகைகளின் மரபணுத் தரவை 2014-இல் வெளியிட்டது. பிறகு அது அமேசான் கிளவுடிலும் ஏற்றப்பட்டது. 100 டெராபைட்டுக்கு மேல். இதன் அளவைப் புரிந்துகொள்ள ஒரு கணக்குப் போடுவோம். நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பு, ஒரு நிமிஷம்கூட அறுபடாமல் ஓடினாலும், 100 டெராபைட்டை இறக்க 90 நாளுக்கு மேல் ஆகும். ஆக, தரவை ஆளிடம் கொண்டுபோக முடியாது. ஆள்தான் தரவு இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும்.

அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. உப்பு தாங்கும் ரகம் தேடுகிறவருக்கு அந்த 100 டெராபைட்டும் தேவையே இல்லை. குறிப்பிட்ட மரபணுவில் இந்த 3,000 வகைகளும் எங்கே வேறுபடுகின்றன என்ற ஒரு சின்ன அட்டவணை போதும். அதற்காகவே ஸ்னிப்-சீக் என்ற தேடுதளத்தை அந்த நிலையம் உருவாக்கியது. பானை முழுக்கத் தரவு இருந்தாலும், அவர் கேட்பது ஒரு சோற்றுப் பதம்தான்.

2017-இல் ஐரோப்பாவில் அஜின்ஃப்ரா பிளஸ் என்ற திட்டம் மூன்று தரப்பினரை எடுத்துக்கொண்டது. தட்பவெப்பத்தையும் விளைச்சலையும் கணிப்பவர்களுக்கு ஒரே மாதிரியை ஆயிரக்கணக்கான வயல்களுக்குத் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆய்வாளர்களுக்கு, ஒருவர் எழுதிய ஆபத்துக் கணக்கை இன்னொருவர் தன் கணினியில் அப்படியே ஓட்டிப் பார்க்கிற பொது வடிவம் வேண்டும். செடியின் வளர்ச்சியை அளப்பவர்களுக்குக் குவிகிற தரவைப் படிப்படியாக அலசும் வழி வேண்டும். ‘வேளாண் ஆராய்ச்சி’ என்று ஒரே பெயரில் கூப்பிட்டாலும் மூன்று பேருக்கு மூன்று தேவை, பார்த்தீர்களா?

இந்த வரலாற்றில் எனக்கு உறுத்துகிற விஷயங்கள் இரண்டு. ஒன்று, தேவைப் பட்டியல் கூட்டத்துக்கு வந்தவர்களை வைத்து எழுதப்படுகிறது. இணைப்பே சரியாக இல்லாத சிறிய ஆராய்ச்சிப் பண்ணைக்காரர் அந்த அறையில் இருப்பதில்லை. அவர் தேவை பட்டியலில் ஏறுவதுமில்லை. இன்னொன்று, புது நெல் ரகம் வயலுக்கு வர பத்து வருஷம்கூட ஆகலாம். திட்டப் பணமோ மூன்று வருஷம், ஐந்து வருஷம் என்று வருகிறது. ரகம் வருகிறவரை அந்த கிளவுட் இருக்குமா?

‘என்ன வேணும்?’ என்று கேட்டால் பெரும்பாலானோர் ‘இன்னும் பெரிய கம்ப்யூட்டர்’ என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பதிலாக, ‘நேத்து உங்க வேலை எந்த இடத்துல நின்னுச்சு?’ என்று கேட்கலாம். பெயரில் நின்றதா, இறக்கத்தில் நின்றதா, கட்டளைத் திரையில் நின்றதா? கட்ட வேண்டியது எது என்று அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.

அடுத்த பகுதியில் சந்திப்போம்.